ஓரெழுத்துத் தூரத்தில் ஒரு வீடு

குன்றத்தூர் என்று தமிழில் எழுத ஒரே வழிதான் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு மாறியதும் ஊர் கிளை பிரிந்துவிடுகிறது. 'என்'னுக்கு அடுத்து நேராக 'ஆர்' போட்டு எழுதுபவர்கள் ஒரு பக்கம். காதில் விழும் ஒலிக்கு ஏற்ப இடையில், 'டாக்டர்' என்ற சொல்லின் முதலெழுத்தான 'டி'யைச் சேர்ப்பவர்கள் இன்னொரு பக்கம். கடைப் பெயர்ப்பலகை, வங்கிப் பாஸ்புக், விசிட்டிங் கார்டு எனப் பலவற்றிலும் இரண்டும் புழங்குகின்றன. பல்லாவரத்தில் பேருந்துக்குக் காத்து நிற்பவருக்கு இதனால் எந்தக் குழப்பமும் இல்லை. பார்த்தவுடனே ஊர் விளங்கிவிடும்.

இணைய விளம்பரத் தளத்துக்கு அப்படி விளங்காது.

முருகன் மலைக்குக் கீழே ஒரு தெருவில் மாடிப் போர்ஷன் ஒன்று காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரம்மா தன் மகனைக் கொண்டு ஒரு தளத்தில் விளம்பரம் போடுகிறார். அதே மாலையில், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் முடித்த இளைஞர் ஒருவர் குன்றத்தூரில் வாடகை வீடு தேடி அதே தளத்தைத் திறக்கிறார். அவருக்கு வேண்டியது ஒரு படுக்கையறை வீடு. அம்மாவிடம் இருப்பதும் அதுதான். வாடகையும் ஒத்துப்போகிறது. ஆனாலும் இருவரும் சந்திக்காமல் போவதற்குக் குறைந்தது ஆறேழு காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட வீட்டைப் பற்றியது இல்லை. எல்லாமே சொல்லைப் பற்றியவை.

வரிக்கு இவ்வளவு

நாளிதழில் வந்த காலத்தில் இதற்கு 'வரி விளம்பரம்' என்று பெயர். வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் பிறந்த பெயர் அது. காசை மிச்சப்படுத்த மக்கள் சொற்களைச் சுருக்கினார்கள். 'வாடகைக்கு', 'விற்பனைக்கு', 'மணமகள் தேவை' என்று தலைப்பு வாரியாகப் பிரித்துக் கொடுப்பதோடு பத்திரிகையின் வேலை முடிந்தது. மீதித் தேடலைக் கண்ணும் விரலும் பார்த்துக்கொண்டன. விளம்பரங்களுக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பைச் சொல்ல ஒரு தகவல் போதும்: 1878-இல் சென்னையில் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் 1958 வரைக்கும் தன் முதல் பக்கத்தை விளம்பரங்களுக்கே கொடுத்திருந்தது.

1995-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் தன் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கிய பட்டியல், 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' என்ற இணையதளமாக வளர்ந்து அமெரிக்கப் பத்திரிகைகளின் வரி விளம்பர வருவாயை அசைத்தது. 2006-இல் ஓஎல்எக்ஸ் வந்தது. 2008-இல் மும்பையில் குவிக்கர் தொடங்கியது. இந்தக் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. 1998-இல் சத்ய பிரபாகர் தொடங்கிய சுலேகா, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நகர வாரியான விளம்பரங்களில் பெயர் வாங்கியது. முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது 1997-இல் தமிழர்களுக்காக நடத்திய ஒரு தளத்தின் மணமக்கள் பகுதிதான் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்து, 2017-இல் பங்குச்சந்தைக்கும் வந்தது. மணமகள் தேவை என்பதும் வரி விளம்பரம்தானே.

பக்கங்கள் மறைந்து திரை வந்தபோது வரிக் கணக்கு போயிற்று. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், இலவசமாகவே போடலாம். கூடவே ஒரு புதிய சிக்கல் வந்தது. பத்திரிகையில் ஒரு நாளின் விளம்பரங்களை ஒரு காபி நேரத்தில் படித்து முடிக்கலாம். லட்சக்கணக்கில் குவிந்தவற்றை யாரும் படிக்க முடியாது. கண் பார்த்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

பழைய பதிப்பாசிரியர்கள் அறிந்த உத்தி

தேடல் பெட்டியில் இரண்டு சொல் தட்டியவுடன் இயந்திரம் எல்லா விளம்பரங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் விடை வர நெடுநேரம் ஆகும். உண்மையில் அது விளம்பரங்களின் பக்கமே போவதில்லை. முன்கூட்டியே தயாரித்து வைத்த ஒரு சொல்லடைவைத்தான் புரட்டுகிறது.

குன்றத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உவமை தேவையில்லை. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்த நூலில் ஒரு பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், முதல் பக்கத்திலிருந்து யாரும் படித்துக்கொண்டு வருவதில்லை. நல்ல பதிப்புகளின் கடைசியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதி இருக்கும். பாட்டின் முதற்சொல்லை அகர வரிசையில் பார்த்தால் பக்கம் தெரிந்துவிடும். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் இப்படிப்பட்ட அகராதிகளுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள்.

விளம்பரத் தளம் இதையே எல்லாச் சொல்லுக்கும் செய்கிறது. அம்மாவின் விளம்பரம் 57-ஆவது என்று கொள்வோம். அது பதிவான கணத்திலேயே அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் பிரிக்கப்பட்டு, அந்தந்தச் சொல்லின் பட்டியலில் 57 என்ற எண் சேர்ந்துகொள்ளும். 'குன்றத்தூர்' பட்டியலில் 12, 57, 301 இருக்கின்றன. 'வாடகை' பட்டியலில் 57, 208, 301 இருக்கின்றன என்றால், இரண்டு சொல்லையும் தட்டுபவருக்கு இரண்டிலும் பொதுவான 57-உம் 301-உம் வந்து நிற்கும். முழுத் தேடலும் இவ்வளவுதான்: இரண்டு பட்டியலை அடுத்தடுத்து வைத்துப் பொது எண்களைப் பொறுக்குவது.

இந்த அடைவைக் கட்ட இன்று உலகமெங்கும் புழங்கும் பல மென்பொருள்களுக்கு ஒரு பொது மூதாதை உண்டு. 1999-இல் டக் கட்டிங் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட 'லூசீன்' அது. லண்டனில் சமையல்கலை படித்த தன் மனைவியின் சமையல் குறிப்புகளைத் தேடித் தர ஷே பேனன் எழுதத் தொடங்கிய நிரல், லூசீன் மேல் வளர்ந்து, 2010-இல் 'எலாஸ்டிக்சர்ச்' என்று வெளிவந்தது. ஒரு வீட்டுச் சமையலறைக்காகத் தொடங்கிய உத்தி இப்போது எத்தனையோ கடைகளுக்கும் தளங்களுக்கும் தேடித் தருகிறது.

எது மேலே, எது கீழே

பொது எண்கள் இரண்டு என்றால் சிக்கலில்லை. இரண்டாயிரம் வந்தால் எதை முதலில் காட்டுவது? கைபேசித் திரையில் ஒரு நேரத்தில் நாலைந்து விளம்பரங்களுக்குத்தான் இடம். முப்பதாவதாக நிற்பதைப் பார்க்க அநேகமாக யாரும் கீழே இறங்கி வருவதில்லை. ஆகவே வரிசைதான் விளம்பரத்தின் தலையெழுத்து.

இதற்கான அடிப்படைக் கணக்கு ஐம்பது ஆண்டுக்கு முந்தையது. பிரிட்டனைச் சேர்ந்த காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் ஒரு கட்டுரையில் எளிய உண்மை ஒன்றைச் சொன்னார். எல்லா ஆவணங்களிலும் வருகிற சொல்லுக்கு எடை குறைவு. அரிதாக வருகிற சொல்லுக்கு எடை அதிகம். வீட்டு விளம்பரங்களில் 'வீடு' என்ற சொல் எதையும் பிரித்துக் காட்டாது. 'சக்கர நாற்காலிக்குச் சாய்தளம்' என்று ஒருவர் எழுதியிருந்தால், அது தேவைப்படுகிறவருக்கு அந்த ஒரு விளம்பரமே முதலில் வர வேண்டும். அரிய சொல்லை எழுதியவர் மேலே வருவார்.

விளம்பரத் தளங்கள் இதோடு நிற்பதில்லை. நூலகத்துப் புத்தகம் நூறு வருடம் ஆனாலும் அங்கேயே இருக்கும். வாடகை வீடோ இரண்டு வாரத்தில் போய்விடும். அதனால் புதிதாக வந்த விளம்பரத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. பக்கத்தில் இருப்பதற்கும், படம் உள்ளதற்கும், கட்டங்களை முழுமையாக நிரப்பியதற்கும் அப்படியே. காசு கட்டி மேலே ஏற்றிய விளம்பரங்கள் தனிச் சிறு முத்திரையோடு உச்சியில் அமரும். அந்த முத்திரைக்குப் பொருள் விளம்பரதாரர் பணம் கட்டினார் என்பது மட்டுமே. வீடு நல்ல வீடு என்பதற்கு அது சான்றாகாது.

புதியதற்கு மதிப்பு என்பதைத் தரகர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். அதே வீட்டை நீக்கிவிட்டு மறுபடி போடுவார்கள். ஒரே வீட்டைக் கோவூர், கெருகம்பாக்கம், மாங்காடு என்று மூன்று ஊர்ப்பெயரில் போடுவதும் உண்டு. தளங்கள் படங்களைச் சுருக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ரேகை எடுத்து, ஒரே ரேகை திரும்ப வந்தால் பிடிக்கப் பார்க்கின்றன. படத்தின் ஓரத்தை நன்றாக வெட்டியோ திருப்பியோ போட்டால் பிடி நழுவிவிடுவதும் உண்டு.

குன்றத்தூரும் குன்னத்தூரும்

இனி ஊர்ப்பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஊரைத் தட்டுகிறவர் எழுத்தை மாற்றிப் போட்டால் இயந்திரம் எப்படிச் சமாளிக்கிறது?

சோவியத் கணித அறிஞர் விளாதிமிர் லெவென்ஷ்தைன் 1965-இல் ஓர் அளவுகோல் தந்தார். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணினால், அதுவே இரண்டுக்கும் இடையிலான தூரம். 'டி' இல்லாத குன்றத்தூருக்கும் 'டி' உள்ள குன்றத்தூருக்கும் தூரம் ஒன்று. ஓரெழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள் என்று இயந்திரத்திடம் சொல்லிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். நல்ல தீர்வு போலத்தான் தெரிகிறது.

ஆனால் திருப்பூர் மாவட்டத்தில் குன்னத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 'டி' இல்லாத குன்றத்தூரில் 'ஆர்' இருக்கும் இடத்தில் இன்னொரு 'என்' போட்டால் குன்னத்தூர் வந்துவிடும். அதற்கும் தூரம் ஒன்றுதான். தன் ஊரின் இன்னோர் எழுத்துமுறையும், ஏறத்தாழ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வேறோர் ஊரும் இயந்திரத்தின் அளவுகோலில் சம தூரத்தில் நிற்கின்றன.

எழுத்தை விட்டு ஒலியைப் பிடிக்கலாம் என்ற யோசனையும் பழையதுதான். அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' முறை, ஒத்த ஒலியுள்ள எழுத்துகளுக்கு ஒரே எண் கொடுத்து, பெயரை ஓரெழுத்தும் மூன்று எண்ணுமாகச் சுருக்கும். குன்றத்தூரை அதில் இட்டுப் பார்த்தால் விந்தையான விடை கிடைக்கிறது. 'டி' சேர்த்த குன்றத்தூருக்குக் குறி கே-536. 'டி' இல்லாத குன்றத்தூருக்கு கே-563. குன்னத்தூருக்கோ கே-536. அதாவது ஒரே ஊரின் இரண்டு எழுத்துமுறைகள் பிரிந்துபோக, கொங்கு நாட்டு ஊர் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காகச் செய்த முறைக்கு நம் றகரம் பிடிபடுவதில்லை.

ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திருத்த அரசும் ஒருமுறை முனைந்தது. 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துமுறையை மாற்றி அறிவித்தது. கோயம்புத்தூருக்கும் எழும்பூருக்கும் புதிய எழுத்துகள் வந்தன. சில எழுத்துமுறைகள் வாசிக்கவே கடினமாக இருக்கின்றன என்ற விமர்சனம் எழ, அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. இன்றும் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தபடிதான் எழுதுகிறார்கள்.

இதே தலைவலியைக் கணினிக்கு முன்பே அனுபவித்தது அஞ்சல்துறை. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துகள், பல மொழிகள். அதற்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது. குன்றத்தூருக்கு 600069. எழுத்துப்பிழைக்கு இடமில்லாத ஆறு எண்கள். விளம்பரத்தில் அந்த எண் இருந்தால் குன்னத்தூர் குறுக்கே வராது.

எண்ணையும் முழுதாக நம்பிவிட முடியாது. குன்றத்தூரின் பின்கோடு சென்னை வரிசையில் இருக்கிறது. ஊரோ காஞ்சிபுரம் மாவட்டத்து நகராட்சி. பல்லாவரம் சாலையில் அடுத்து வரும் அனகாபுத்தூர் செங்கல்பட்டு மாவட்டம், 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சி. மாவட்டம் என்ற கட்டத்தில் நேர்மையாகக் 'காஞ்சிபுரம்' என்று தேர்ந்தெடுத்த வீட்டுக்காரருக்கு, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காஞ்சிபுரம் நகரில் வீடு தேடுகிறவர்கள்தான் போன் செய்வார்கள்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

அப்படியானால் தமிழிலேயே எழுதிவிட்டால் என்ன? எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அங்கேயும் கவனிக்க வேண்டியவை உண்டு.

'போரூர்' என்ற சொல்லின் முதலெழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினி எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் அந்த ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே இருக்கும் எண்கள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கும் விதி யூனிகோடிலேயே இருக்கிறது. தளத்தைக் கட்டியவர் அதைப் போட மறந்திருந்தால் பாதிப் போரூர் தேடலில் விழாது.

ஸ்ரீபெரும்புதூர் இன்னும் கடினம். 'ஸ்ரீ' என்ற எழுத்தை வழக்கமான 'ஸ்' கொண்டும் எழுதலாம். 2005-இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு மெய்யைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றே. இவை இரண்டையும் பொது விதி சேர்த்து வைப்பதில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து தனியாகச் சொல்லித்தர வேண்டும். திருப்பெரும்புதூர் என்று எழுதுகிறவர்களுக்கும் அதே கதைதான்.

அடுத்தது வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் அப்படியே நிற்கும். தமிழில் குன்றத்தூரில், குன்றத்தூருக்கு, குன்றத்தூரிலிருந்து என்று அது வளர்ந்துகொண்டே போகும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்', 'வீட்டை' என்றிருக்கும் விளம்பரங்கள் வருமா? எழுத்துக்கு எழுத்து பார்க்கும் இயந்திரம் தராது. விகுதிகளைக் கழற்றி வேர்ச்சொல்லுக்குக் கொண்டுபோகும் நிரல் வேண்டும். ஆங்கிலத்துக்கு இதை மார்ட்டின் போர்ட்டர் 1980-இலேயே செய்து முடித்துவிட்டார். தமிழுக்கு அது பின்னாளில்தான் வந்தது. இப்போது லூசீனில் தமிழுக்கென்று ஒரு பகுப்பி இருக்கிறது. கருவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அதை எடுத்துப் பொருத்தும் அக்கறைதான் தளங்களிடம் இன்னும் வேண்டும்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். 'வாடகை' என்பதையே நாலைந்து விதமாக. இதைச் சமாளிக்கும் முயற்சிகள் தொலைவில் நடப்பவை அல்ல. கிண்டிக்குப் பக்கத்தில் ஐஐடி மெட்ராஸில் இயங்கும் ஏஐ4பாரத் குழு, 21 இந்திய மொழிகளுக்கு, சொந்த எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் உள்ள 2.6 கோடி சொல் இணைகளைத் தொகுத்து 2022-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. கூகுளின் இந்திய ஆய்வகம் உருவாக்கிய 'முரில்' என்ற மொழி மாதிரியும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் புரிந்துகொள்ளப் பயிற்சி பெற்றது. இப்படிப்பட்ட மாதிரிகள் சொல்லை எண்களின் வரிசையாக மாற்றி, பொருள் நெருங்கியவற்றை அருகருகே வைக்கின்றன. 'வாடகைக்கு வீடு' என்று தமிழில் தேடுபவருக்கு 'ஹவுஸ் ஃபார் ரென்ட்' என்று எழுதிய விளம்பரத்தையும் அவற்றால் எடுத்துத் தர முடியும்.

கிரவுண்டு, சென்ட், ஆறு, ஓடுபாதை

பெட்டியில் தட்டுவது தேடலின் பாதிதான். மறுபாதி, பக்கத்தில் இருக்கும் கட்டங்கள்: வாடகை எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, எத்தனை படுக்கையறை, எத்தனை சதுர அடி. இவை சொல்லடைவைத் தொடுவதே இல்லை. விளம்பரம் போட்டவர் அந்தந்தக் கட்டத்தில் நிரப்பிய எண்ணை மட்டுமே பார்க்கின்றன. விளக்கப் பகுதியில் அழகாக எழுதிவிட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டவரின் விளம்பரம், தேடுபவர் வடிகட்டியைத் தொட்ட அந்த நொடியில் காணாமல் போகும்.

மனை விற்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. சென்னைப் புறநகரில் மனையைக் கிரவுண்டிலும் சென்டிலும்தான் பேசுகிறார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 'அரை கிரவுண்டு' என்று விளக்கத்தில் எழுதினால் மனிதருக்கு 1,200 சதுர அடி என்று புரியும். சதுர அடிக் கட்டம் காலியாக இருந்தால் வடிகட்டிக்கு அந்த மனை இல்லாத மனை.

தூரக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. 'ஐந்து கிலோமீட்டருக்குள்' என்று கேட்டால் பல தளங்கள் அட்சரேகை தீர்க்கரேகையைக் கொண்டு காக்கை பறக்கும் தூரத்தைத்தான் கணக்கிடுகின்றன. குன்றத்தூருக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே அடையாறு ஓடுகிறது. பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும். கொளப்பாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் ரயில் நிலையத்துக்குக் கோடு போட்டால் அது விமான நிலையத்தின் ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். மனிதர்கள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்தப் பகுதியில் வீடு பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கோ பெரும்பாலான படிவங்களில் கட்டமே கிடையாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாற்றில் வெள்ளம் பெருகிய பிறகு, இந்தப் பகுதியில் யாரும் மறக்காமல் கேட்பது 'தண்ணி நிக்குமா?' என்பதுதான். மாடுலர் கிச்சன் உண்டா என்று கேட்கும் கட்டம் இருக்கிறது. நாய் வளர்க்கலாமா என்று கேட்கும் கட்டமும் சில தளங்களில் இருக்கிறது. மழைக்காலத்தில் தெருவுக்குள் வர முடியுமா என்பதற்கு இல்லை. கட்டங்களை வடிவமைப்பவர்கள் இந்த ஊர்களில் ஒரு நவம்பர் மாதம் வாடகைக்கு இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சேர்த்திருப்பார்கள்.

மலிவானதை மேலே கொண்டுவந்தால்

'குறைந்த விலை முதலில்' என்ற வரிசை பலருக்கும் பிடித்தது. மோசடிக்காரர்களுக்கும் அதுதான் பிடிக்கும். சந்தை விலையில் பாதிக்கு ஒரு பைக், ஒரு பிரிட்ஜ் போட்டுவிட்டால் அந்த வரிசையில் தானாக உச்சிக்கு வந்துவிடலாம். பிறகு வழக்கமான நாடகம் தொடங்கும். ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, முன்பணம் மட்டும் அனுப்புங்கள். பொருளை விற்பவரிடமோ நாடகம் தலைகீழாக நடக்கும்: பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐயில் பின் நம்பர் தேவையே இல்லை. அதைப் போட்டால் பணம் போகத்தான் செய்யும். ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. பழைய சைக்கிள், கட்டில், கம்ப்யூட்டர் உதிரிகள், செடி, புறா என்று எல்லாமே கண்ணெதிரே இருக்கும். தட்டிப் பார்த்து, பேரம் பேசி, கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுக்கலாம். திரையில் பார்த்ததையும் அப்படி நேரில் பார்த்த பிறகே பணம் கொடுப்பது என்ற ஒரு வழக்கத்தை விடாதவர்களிடம் பெரும்பாலான ஏமாற்றுகள் செல்லுபடியாவதில்லை.

தேடுபவர் தூங்கும்போது நடக்கும் தேடல்

தேடுபவர்கள் அதிகம் பயன்படுத்தாத வசதி ஒன்று உண்டு. தேடலையே சேமித்து வைப்பது. வழக்கமாக விளம்பரங்கள் அடைவில் காத்திருக்கும். கேள்வி வந்து தட்டும். சேமித்த தேடலில் இது தலைகீழ். கேள்விகள் அடைவில் காத்திருக்கும். புதிய விளம்பரம் ஒவ்வொன்றும் உள்ளே வரும்போது, இது யாருடைய கேள்விக்குப் பொருந்துகிறது என்று பார்த்து, அவர்களுக்குக் கைபேசியில் மணியடிக்கும். எலாஸ்டிக்சர்ச்சில் இதற்குப் 'பெர்கோலேட்டர்' என்று பெயர். காபி இறங்கும் பாத்திரத்தின் பெயர். நல்ல வீடு ஒரே நாளில் போய்விடுகிற பகுதியில், தினமும் ஐந்து முறை தேடுவதைவிட ஒருமுறை சேமித்து வைப்பது மேல்.

அம்மாவின் விளம்பரத்துக்குத் திரும்பலாம். மகன் முதலில் ஆங்கிலத்தில் 'கோயில் பக்கம் வீடு வாடகைக்கு' என்று ஒற்றை வரி போட்டிருந்தான். ஊர்ப்பெயர் இல்லை, பின்கோடு இல்லை, கட்டங்கள் காலி, படமும் இல்லை. ஒரு வாரம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஒருநாள் உட்கார்ந்து திருத்தினான். குன்றத்தூர் என்று தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துமுறையிலும் ஒவ்வொரு முறை. 600069. ஒரு படுக்கையறை, மாடி, சதுர அடி, வாடகை, அட்வான்ஸ் எல்லாம் அதனதன் கட்டத்தில். பகல் வெளிச்சத்தில் எடுத்த நாலு படம். தேரடியிலிருந்து நடக்கும் நேரம், போர் தண்ணீரா லாரித் தண்ணீரா என்பது, பைக் நிறுத்த இடம் உண்டு என்பது.

அவன் பதிவு செய்த சில நிமிடங்களில், சேமித்து வைத்த தேடல் ஒன்று பொருந்தி, ஒரகடத்தில் கேன்டீன் வரிசையில் நின்றிருந்த இளைஞரின் கைபேசி மணியடித்தது. அவர் படங்களைப் பார்த்தார், வாடகையைப் பார்த்தார், வரைபடத்தைத் திறந்து தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு எண்ணை அழுத்தினார்.

"அம்மா, வணக்கம்மா. வீடு விளம்பரம் பார்த்தேன். இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குதுப்பா. எத்தனை பேரு?"

"நானும் அம்மாவும்தாம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மழைக்குத் தெருவுல தண்ணி நிக்குமா?"

"தெருமுனையில முழங்கால் அளவு நிக்கும்ப்பா, ஒரு நாள்ல வடிஞ்சிடும். நம்ம வாசப்படி ஏறினதில்ல. ஞாயித்துக்கிழமை அம்மாவக் கூட்டிக்கிட்டு வா, பாத்துட்டுச் சொல்லு."